உபுண்டு 20.04-ஐ அப்கிரேட் செய்வதா, வேறு லினக்ஸுக்கு மாறுவதா?

உங்கள் கேள்வியில் இருப்பவை: 4 ஜிபி ராமும் சுழலும் ஹார்ட் டிஸ்கும் உள்ள பழைய லேப்டாப், அதில் உபுண்டு 20.04. லிப்ரெஆபிஸ், ஃபயர்பாக்ஸ், தமிழ்99 தட்டச்சு, ஒரு ஹெச்பி லேசர்ஜெட் 1020 பிரிண்டர். ஆதரவு முடிந்துவிட்டது, கணினியும் மெதுவாகிவிட்டது, அப்கிரேட் செய்யவா அல்லது மின்ட், டெபியன் போன்ற வேறு லினக்ஸுக்கு மாறவா என்று கேட்கிறீர்கள்.

உங்களுக்கு நான் சொல்வது: மாறுங்கள். லினக்ஸ் மின்ட் 22 வரிசையின் எக்ஸ்எஃப்சிஇ (லேசான டெஸ்க்டாப்) பதிப்பைப் புதிதாக இன்ஸ்டால் செய்யுங்கள். இதே கேள்வியை 16 ஜிபி ராம் உள்ள ஒருவர் கேட்டிருந்தால் அப்கிரேட் செய்யுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

எது நல்ல டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை) என்று தேட ஆரம்பித்தால் முடிவே கிடைக்காது. இப்போது இருப்பதில் உங்களுக்கு என்ன குறை என்று பாருங்கள். ஆதரவுக் காலம் முடிந்தது மட்டும்தான் குறை என்றால் அதை அப்கிரேட் தீர்த்துவிடும். கணினி மெதுவாக இருக்கிறது, உபுண்டுவின் க்னோம் டெஸ்க்டாப் பிடிக்கவில்லை, ஸ்னாப் (உபுண்டுவின் தனி வகை மென்பொருள் தொகுப்பு) வேண்டாம் என்பவை குறை என்றால் அப்கிரேட் எதையும் தீர்க்காது. அவையெல்லாம் அடுத்த பதிப்பிலும் உங்களோடு வரும். நீங்கள் இரண்டையும் சொல்லியிருக்கிறீர்கள், ஆனால் தினமும் உங்களை வருத்துவது வேகம்தான் என்று கேள்வியைப் படித்தாலே தெரிகிறது.

முதலில் அவசரத்தைத் தணித்துவிடலாம். 20.04-இன் வழக்கமான ஆதரவு 2025 மே இறுதியில் முடிந்தது உண்மை. ஆனால் உபுண்டு ப்ரோ என்ற சந்தா தனிநபர்களுக்கு ஐந்து கணினிகள் வரை இலவசம். அதில் பதிவு செய்து இந்தக் கணினியை இணைத்தால் 2030 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். புதிய பதிப்புகள் வராது, லிப்ரெஆபிஸ் 6.4-இலேயே நிற்கும். இதை நிரந்தர வழியாக நான் சொல்லவில்லை. இன்றைக்கே செய்தாக வேண்டும் என்ற பதற்றம் இல்லாமல், வசதியான ஒரு விடுமுறை நாளைப் பார்த்து மாற இது உதவும். பதற்றத்தில் செய்யும்போதுதான் பேக்கப் எடுக்காமல் விட்டுவிடுகிறோம்.

சரி, அப்கிரேட் என்றால் உண்மையில் என்ன நடக்கும்? 20.04-இலிருந்து 24.04-க்கு ஒரே தாவலில் போக முடியாது. ஒரு எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவுப்) பதிப்பிலிருந்து அடுத்த எல்டிஎஸ்ஸுக்குத்தான் வழி உண்டு. ஆகவே முதலில் 22.04, பிறகு 24.04. ஒவ்வொரு முறையும் ஆயிரக்கணக்கான தொகுப்புகள் இறங்கி, விரிந்து, பழையவற்றின் இடத்தில் உட்கார வேண்டும். வெளியிலிருந்து நீங்கள் சேர்த்த பிபிஏ மென்பொருள் களஞ்சியங்கள் எல்லாம் அப்போது முடக்கப்படும், அவற்றைப் பின்னர் ஒவ்வொன்றாகப் பார்த்து இயக்க வேண்டும். 22.04 முதல் ஃபயர்பாக்ஸ் ஸ்னாப்பாக மாறிவிடும்.

என் வேலைக் கணினியை நான் இந்த வழியில்தான் 24.04 வரை கொண்டுவந்தேன், அதில் எனக்கு முழுத் திருப்தி. அங்கே போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், பல வருடங்களாகச் சேர்ந்த ஸ்கிரிப்டுகள், குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் வேலைகள், அமைப்புகள் இருக்கும் எடிசி ஃபோல்டருக்குள் கையால் திருத்திய கோப்புகள் என்று நிறைய இருக்கின்றன. புதிதாக இன்ஸ்டால் செய்தால் இவற்றில் பாதி நினைவுக்கே வராது. அப்கிரேட்டிலும் வேலை உண்டு. போஸ்ட்கிரெஸ் 12 என்பது 14 ஆகி 16 ஆகும்போது பழைய டேட்டாவை நாமே புதிய பதிப்புக்கு நகர்த்த வேண்டும். பைதான் 3.8 என்பது 3.12 ஆகிவிடும். 24.04-இல் கணினியின் பைதானுக்குள் பிப் என்ற நிறுவும் கருவியை வைத்து நேரடியாக எதையும் நிறுவ விடாது, தனிச் சூழல் உருவாக்கிக்கொள்ளச் சொல்லும். ஆனாலும் அந்தக் கணினிக்கு அதுவே சரியான வழி, ஏனென்றால் அங்கே மதிப்பு இருப்பது அமைப்புகளில்.

உங்கள் கணினியில் அப்படி எதுவும் இல்லை. உங்களுக்கு மதிப்பானவை ஹோம் ஃபோல்டரில் உள்ள கோப்புகள், கொஞ்சம் எழுத்துருக்கள், ஃபயர்பாக்ஸின் புக்மார்க்குகள். இவ்வளவுக்காக அந்த ஹார்ட் டிஸ்கை இரண்டு அப்கிரேட்டுகளில் உருட்டி எடுக்க வேண்டாம். அப்படியே முடித்தாலும் கையில் இருக்கப்போவது உபுண்டு 24.04. அதற்குக் குறைந்தது 4 ஜிபி ராம் வேண்டும் என்று சொல்கிறார்கள், அதாவது நீங்கள் அடிமட்டத்தில் நிற்பீர்கள். மின்ட் கேட்பது 2 ஜிபி, 4 ஜிபி இருந்தால் வசதி என்கிறது. எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப் க்னோமைவிட ராமைக் கணிசமாகக் குறைவாக எடுக்கும், மிச்சம் ஃபயர்பாக்ஸுக்குக் கிடைக்கும்.

லுபுண்டு, சுபுண்டு ஏன் கூடாது என்று கேட்கலாம். இரண்டுமே லேசானவை, நல்லவை. ஆனால் அவற்றின் 24.04 பதிப்புகளுக்கு ஆதரவு மூன்று வருடம்தான், 2027-இல் இதே கேள்வியோடு வந்து நிற்பீர்கள். மின்ட் 22 உபுண்டு 24.04-ஐ அடித்தளமாகக் கொண்டது, 2029 வரை ஆதரவு உண்டு. மென்பொருள் நிறுவ உங்களுக்குப் பழகிய ஏபிடி கட்டளைகள் அனைத்தும் அப்படியே வேலை செய்யும். மின்ட் 20 முதலே அவர்கள் ஸ்னாப்பை இயல்பாக வராதபடி நிறுத்திவிட்டார்கள், ஃபயர்பாக்ஸ் டெப் என்ற சாதாரணத் தொகுப்பாகவே வரும். (ஸ்னாப் ஃபயர்பாக்ஸ் ஒன்று மட்டும்தான் யாருக்காவது பிரச்சினை என்றால், அதற்காக டிஸ்ட்ரோவையே மாற்ற வேண்டாம். 2024 முதல் மொசில்லாவே தன் ஏபிடி களஞ்சியத்தில் டெப் தொகுப்பைத் தருகிறது.)

டெபியன் 13, 2025 ஆகஸ்டில் வந்தது. நான் மிகவும் மதிக்கும் டிஸ்ட்ரோ. டெபியன் 12 முதல் வைஃபை ஃபர்ம்வேரும் (சாதனத்தை இயக்கும் உள் மென்பொருள்) இன்ஸ்டாலரோடு வருவதால் பழைய தொல்லை குறைந்துவிட்டது. ஆனாலும் டிரைவர் மேலாளர், அப்டேட் மேலாளர், கணினியைப் பழைய நிலைக்கு மீட்கும் டைம்ஷிஃப்ட் எல்லாம் தயாராக இருக்கும் மின்ட்தான் உங்களுக்கு எளிது.

இனி உங்கள் இரண்டு தேவைகளுக்கு வருகிறேன். புதுக் கணினி தொடங்கியதும் கையை உதறவைப்பவை இவைதான்.

லேசர்ஜெட் 1020-க்குள் ஃபர்ம்வேர் நிரந்தரமாக இருக்காது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கணினிதான் அதை அனுப்ப வேண்டும். அதற்கு ஹெச்பிலிப் என்ற ஹெச்பி பிரிண்டர் மென்பொருளோடு ஒரு ப்ளக்இன்னும் தேவை. அந்த ப்ளக்இன்னின் பதிப்பு எண்ணும் ஹெச்பிலிப்பின் பதிப்பு எண்ணும் ஒன்றாக இருந்தாக வேண்டும். எனவே அப்கிரேட் செய்தாலும் சரி, மாறினாலும் சரி, பழைய ப்ளக்இன் உதவாது. இணைய இணைப்போடு ஹெச்பி-ப்ளக்இன் கட்டளையை ஓட்டி புதியதை இறக்கிக்கொள்ளுங்கள். பிரிண்டர் பட்டியலில் பெயர் தெரிந்தும் காகிதம் நகரவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

தமிழ்99-இல் ஒரு இடத்தில் கவனம் வேண்டும். மின்ட்டின் கீபோர்டு அமைப்பில் தமிழ்நெட் 99 என்று ஒரு தளவமைப்பு தெரியும். அதைத் தேர்ந்தெடுத்தால் எழுத்து வரும், ஆனால் தானியங்கிப் புள்ளி வராது. ககர விசையை இரண்டு முறை தட்டினால் ‘க்க’ என்று ஆகாமல் ‘கக’ என்றே நிற்கும். அந்த விதிகள் எல்லாம் எம்17என் என்ற தட்டச்சுத் தொகுப்பில்தான் இருக்கின்றன. அதை ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருளோடு இணைக்கும் ஐபஸ்-எம்17என் தொகுப்பை நிறுவி, ‘இன்புட் மெத்தட்’ பகுதியில் ஐபஸ்ஸைத் தேர்ந்தெடுத்து, வெளியேறி மீண்டும் லாகின் செய்யுங்கள். அப்புறம் ஐபஸ் விருப்பங்களில் தமிழ்99-ஐச் சேர்த்தால் முடிந்தது.

இன்ஸ்டால் செய்யும் முன் மின்ட்டைப் பென்டிரைவில் எழுதி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கி ஒரு மணி நேரமாவது பயன்படுத்திப் பாருங்கள். வைஃபை, ஒலி, திரை வெளிச்சம், மூடித் திறந்தால் விழிக்கிறதா என்பவற்றைப் பார்த்துவிடலாம். பென்டிரைவிலிருந்து ஓடும்போது வேகம் குறைவாகத்தான் இருக்கும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

பேக்கப் எடுக்கும்போது மறைந்திருக்கும் ஃபோல்டர்களை மறக்க வேண்டாம். கோப்பு மேலாளரில் கன்ட்ரோல்-ஹெச் அழுத்தினால் தெரியும். ஃபயர்பாக்ஸின் கடவுச்சொற்களும் புக்மார்க்குகளும் மொசில்லா ஃபோல்டரில் இருக்கின்றன. லிப்ரெஆபிஸில் நீங்கள் சேர்த்த சொற்கள் கான்ஃபிக் ஃபோல்டருக்குள் இருக்கின்றன. பாமினி போன்ற யூனிகோட் அல்லாத எழுத்துருவில் பழைய கோப்புகள் இருந்தால், அந்த எழுத்துருக்களையும் சேர்த்து எடுங்கள், இல்லாவிட்டால் அந்தக் கோப்புகள் படிக்கவே முடியாதபடி தெரியும். கான்ஃபிக் ஃபோல்டர் முழுவதையும் புதிய கணினியில் கொட்ட வேண்டாம், தேவையானதை மட்டும் எடுத்து வையுங்கள்.

கொஞ்சம் செலவு செய்ய முடியும் என்றால் 240 ஜிபி அளவில் ஒரு சாட்டா எஸ்எஸ்டி வாங்குங்கள். எந்த டிஸ்ட்ரோவும் தர முடியாத வேகத்தை அது தரும். மின்ட்டை அந்த எஸ்எஸ்டியில் நிறுவிவிட்டு, பழைய ஹார்ட் டிஸ்கை உபுண்டுவோடு அப்படியே கழற்றி எடுத்து வையுங்கள். யுஎஸ்பி கேஸ் ஒன்றில் போட்டால் விட்டுப்போன கோப்பை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். மின்ட்டில் பிரிண்டரோ தட்டச்சோ தகராறு செய்தால், அது சரியாகும்வரை பழைய டிஸ்கை மாட்டி உங்கள் வேலையைத் தொடரலாம்.