படகின் முன்கண்ணாடியில் கீறல்: தேய்ப்பதா, மாற்றுவதா?

கேள்வி: எங்கள் சிறிய படகின் முன்கண்ணாடி பிளாஸ்டிக்கால் ஆனது. அது முழுக்கக் கீறல் விழுந்து மங்கிவிட்டதால், வெயில் எதிரே அடிக்கும்போது முன்னால் வருவது எதுவுமே தெளிவாகத் தெரிவதில்லை. பாலிஷ் போட்டுச் சரிசெய்யலாமா, புதிதாகவே மாற்ற வேண்டுமா?

பதில்: முதலில் அது எந்த வகைப் பிளாஸ்டிக், அக்ரிலிக்கா, பாலிகார்பனேட்டா என்று ஓரத்தில் உள்ள முத்திரையைப் பார்த்தோ, படகைத் தயாரித்தவரிடம் கேட்டோ உறுதிசெய்துகொள்ளுங்கள். அக்ரிலிக்கின் மேற்பரப்பைத் தேய்த்து எடுத்தாலும் அடியில் இருப்பது அதே தெளிவான பொருள்தான் என்பதால், அதற்கு மீண்டும் பளபளப்பு ஏற்ற முடியும். பாலிகார்பனேட் எளிதில் உடையாது; ஆனால் எளிதில் கீறல் விழும். அதனால் அதன்மேல் பெரும்பாலும் கடினப் பூச்சும் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சும் இருக்கும். உப்புத்தாள் பட்டால் அவை போய்விடும்; பிறகு கண்ணாடி விரைவில் மஞ்சளிக்கும். பாலிகார்பனேட்டைத் தேய்க்க வேண்டாம் என்பதே என் கருத்து.

அக்ரிலிக் என்றால், நல்ல தண்ணீரை ஏராளமாக ஊற்றி உப்பையும் மணலையும் கரைத்து ஓடவிட்டு, மென்மையான சோப்பு நீரால் கழுவுங்கள். நனைந்திருக்கும்போது மறைந்து காய்ந்ததும் தெரியும் கீறல், பெரும்பாலும் மேலோட்டமானது. பிளாஸ்டிக் பாலிஷே போதும். நகத்தைக் குறுக்கே ஓட்டும்போது தட்டுப்படும் கீறலுக்குத்தான் உப்புத்தாள் வேண்டும். சாய்ந்த வெளிச்சத்தில் உள்ளுக்குள் வெள்ளி இழைகளாக மின்னும் நுண்வெடிப்புகள் வேறு வகை. வெயில், ரசாயனம், அளவுக்கு மீறி இறுக்கிய திருகு ஆகியவற்றால் வரும் அவை பொருளுக்குள்ளேயே இறங்கியிருப்பதால் பாலிஷில் போகாது; அந்த நிலையில் மாற்றுவதே பாதுகாப்பு.

தேய்க்கும்போது கரடான தாளில் தொடங்கும் ஆசையை அடக்க வேண்டும். எண் குறையக் குறையத் தாள் கரடாகும். கண்ணில் படாத ஓரத்தில் 1500 எண் வாட்டர் பேப்பரால் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) தேய்த்துப் பார்த்து, அது போதாவிட்டால் மட்டும் 1000, மிக ஆழமான கீறலுக்கு 800 என இறங்குங்கள். பிறகு 1500, 2000, 3000 என்று ஏறி வர வேண்டும். தாள் எப்போதும் நனைந்தே இருக்கட்டும். ஒவ்வொரு தாளுக்கும் திசையைக் குறுக்காக மாற்றினால், முந்தைய தாளின் கோடுகள் மிச்சமிருப்பது உடனே தெரிந்துவிடும். அவை முற்றிலும் மறையும் வரை அடுத்த எண்ணுக்குப் போகக் கூடாது, ஏனென்றால் அங்கே விட்ட கோடு கடைசிப் பாலிஷில் பளிச்சென்று தெரியும். இடையில் கண்ணாடி முழுவதும் பால் படிந்தாற்போல வெளுத்துப் போவதைக் கண்டு பலர் பதறிக் கைவிடுகிறார்கள். அந்த வெளுப்பு திட்டுத்திட்டாக இல்லாமல் ஒரே சீராக இருந்தால் வேலை சரியாக நடக்கிறது என்று பொருள். கீறல் இருக்கும் கோட்டை மட்டும் அழுத்தித் தேய்த்தால் அங்கே பள்ளம் விழுந்து, அதன் வழியே பார்க்கும் காட்சி நெளியும். ஆகவே சுற்றிலும் அகலமாகப் பரவலாகத் தேய்த்து வாருங்கள்.

கடைசியாக, பிளாஸ்டிக்குக்கான பாலிஷை பாலிஷ் இயந்திரத்தின் ஸ்பாஞ்ச் பஃபில் (மெத்தென்ற வட்டில்) இட்டு, குறைந்த வேகத்தில், இயந்திரத்தை ஓரிடத்தில் நிறுத்தாமல் நகர்த்துங்கள். அக்ரிலிக் ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும். கையை வைத்துப் பார்த்து, சூடு தெரிந்தால் ஆறவிடுங்கள். நேர் வெயிலில் இந்த வேலையைச் செய்யவே வேண்டாம்.

கேள்வி: மறுபடியும் மங்காமல் இருக்க எதைக் கொண்டு துடைப்பது?

பதில்: சோப்பு நீரும் சுத்தமான மைக்ரோஃபைபர் துணியும் போதும். அம்மோனியா கலந்த கண்ணாடித் துப்புரவு நீர், தின்னர், அசிட்டோன், ஸ்பிரிட் எதையும் அருகில் கொண்டுவராதீர்கள். உப்பு காய்ந்திருக்கும் கண்ணாடியை உலர்ந்த துணியால் துடைப்பதும் உப்புத்தாளால் தேய்ப்பதும் ஒன்றுதான். உறை போடுவதானால் அதன் உட்புறத்தையும் அவ்வப்போது அலசுங்கள். மணல் ஒட்டிய உறை காற்றில் அசையும்போதெல்லாம் கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டே இருக்கும்.