ஜேஎஸ் என்ற இரண்டு எழுத்து – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ரெனோவின் டர்போ கார் பற்றிய உங்கள் பதிவில், பிரெஞ்சுக்காரர்களின் ஃபார்முலா ஒன் கதை என்றால் அது ரெனோவின் கதைதான் என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். என் மேசையில் உள்ளங்கை அளவில் ஒரு பொம்மைக் கார் இருக்கிறது. நீல நிறம், ஓட்டுநர் தலைக்குப் பின்னால் அண்டாவைக் கவிழ்த்தது போல ஒரு பெரிய கூடு, பக்கத்தில் ஜிதான் சிகரெட்டின் அந்த நடனக்காரி. அடியில் 'லிஜியே ஜேஎஸ்5, 1976' என்று போட்டிருக்கிறது. எனக்கு மூன்று கேள்விகள். பிரெஞ்சு அணியான லிஜியேவை ஏன் விட்டீர்கள்? அவர்களுடைய எல்லாக் காரிலும் ஜேஎஸ் என்று வருகிறதே, அது என்ன? அந்த அணி ஜனாதிபதியின் சிபாரிசில்தான் பிழைத்தது என்று என் நண்பன் அடித்துச் சொல்கிறான், நிஜமா?

உங்கள் வாசகன்,
சேலம்

அன்புள்ள நண்பருக்கு,

அந்த வரி தப்பு. எழுதுகிற வேகத்தில் விழுந்துவிட்டது, திருத்திவிட்டேன். ரெனோ பெரிய கம்பெனி, பணம் இருந்தது, டர்போ என்ற புது யோசனை இருந்தது, அதனால் வரலாற்றுப் புத்தகங்கள் அதைச் சுற்றியே வரும், நானும் அந்தப் பழக்கத்தில் விழுந்தேன். சரி, உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதற்குப் பதில் சொன்னால் மற்ற இரண்டுக்கும் பாதிப் பதில் வந்துவிடும்.

ஜேஎஸ் என்பது ஒரு மனிதரின் பெயர். ஜோ ஷ்லெஸ்ஸர்.

அணியைத் தொடங்கிய கீ லிஜியே 1930-ல் விஷி நகரத்தில் பிறந்தவர். ஏழு வயதில் அனாதை. இறைச்சிக் கடையில் எடுபிடியாக வேலைக்குச் சேர்ந்தார், காசு சேர்த்து ஒரு பழைய புல்டோசர் வாங்கினார், அதை வைத்துச் சாலை போடும் ஒப்பந்தங்கள் எடுத்துப் பணக்காரர் ஆனார். நடுவில் துடுப்புப் படகு, ரக்பி, மோட்டார் சைக்கிள் பந்தயம். ஆள் காளை மாதிரி, கோபமும் அப்படியே. முப்பத்தைந்து வயதுக்கு மேல்தான் ஃபார்முலா ஒன் ஓட்ட வந்தார். 1966, 67 இரண்டு வருடமும் சொந்தக் காசில் வாங்கிய கார்கள், மொத்தமாகக் கிடைத்தது ஒரே ஒரு புள்ளி. ஓட்டுநராக அவர் சுமார்தான், அது அவருக்கே தெரியும். ஆனால் நீண்ட தூரப் பந்தயங்களில் அவருக்கு ஒரு கூட்டாளி இருந்தார். அவர்தான் ஷ்லெஸ்ஸர். 1967-ல் ரீம்ஸ் பன்னிரண்டு மணி நேரப் பந்தயத்தை இருவரும் ஒரு ஃபோர்டு காரில் மாறி மாறி ஓட்டி ஜெயித்தார்கள்.

அடுத்த வருடம், 1968 ஜூலை 7, ரூவான் நகருக்கு வெளியே பிரெஞ்சு கிராண்ட் பிரி. ஹோண்டா அப்போது ஆர்ஏ302 என்று ஒரு புதுக் காரைக் கொண்டுவந்திருந்தது. எஞ்சினைத் தண்ணீரால் குளிர்விக்காமல் காற்றால் குளிர்விக்கிற மாதிரி செய்திருந்தார்கள், மேல்தோல் மக்னீசியம். அணியின் முதல் ஓட்டுநர் ஜான் சர்ட்டீஸ் அதை ஓட்டிப் பார்த்துவிட்டு இது இன்னும் பந்தயத்துக்குத் தயாராகவில்லை என்று மறுத்துவிட்டார். ஹோண்டாவுக்கோ பிரான்ஸில் அது ஓடியாக வேண்டும், அதனால் உள்ளூர்க்காரரான ஷ்லெஸ்ஸரைக் கூப்பிட்டார்கள். அவருக்கு வயது நாற்பது. ஃபார்முலா ஒன் காரில் அவருடைய முதல் கிராண்ட் பிரி அது. எந்த ஓட்டுநர் மாட்டேன் என்பார்? மழை, வழுக்கல், டேங்க் நிறைய பெட்ரோல். மூன்றாவது சுற்றில் ஓர் இறக்கத்து வளைவில் கார் விலகிப்போய் மண்மேட்டில் மோதியது. மக்னீசியத்தில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது, ஊற்றினால் இன்னும் கொழுந்துவிட்டு எரியும். ஷ்லெஸ்ஸர் அங்கேயே போய்விட்டார். ரூவானில் அதற்குப் பிறகு ஃபார்முலா ஒன் நடக்கவே இல்லை.

லிஜியே ஒற்றை இருக்கைக் கார்களை ஓட்டுவதை அதோடு விட்டார். அடுத்த வருடமே தன் பெயரில் ஒரு காரைக் கட்டி, அதற்கு ஜேஎஸ்1 என்று பெயர் வைத்தார். அன்றிலிருந்து எல்லாக் காரும் ஜேஎஸ்தான். சாலையில் ஓட்ட விற்பனைக்கு வந்த ஜேஎஸ்2 உண்டு. அதையே பந்தயத்துக்கு மாற்றி ஓட்டி, 1975 லெ மான் இருபத்துநான்கு மணி நேரப் பந்தயத்தில் இரண்டாம் இடம் வந்தார்கள்.

இப்போது உங்கள் மேசைக் கார். 1974 முடிவில் மாத்ரா பந்தயத்தை நிறுத்தியது. மாத்ரா ஏவுகணை செய்கிற கம்பெனி, லெ மானில் மூன்று வருடம் தொடர்ந்து ஜெயித்திருந்தது. அது கடையைக் கட்டியதும் அங்கிருந்த ஆட்களையும், ஜெரார் துகரூஜ் என்ற தலைமைப் பொறியாளரையும், பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சினையும் லிஜியே அள்ளிக்கொண்டு வந்தார். ஜிதான் சிகரெட்காரர்களின் பணம் சேர்ந்தது. ஜேஎஸ்5 அப்படிப் பிறந்ததுதான். அந்த அண்டா எஞ்சினுக்குக் காற்றுப் பிடிப்பதற்கு. ஐரோப்பாவில் டீ கெட்டில் என்று கிண்டல் செய்தார்கள். உங்களுக்கு ஒரு தகவல்: உங்களிடம் இருக்கிற அந்த வடிவம் ஓடியது மூன்றே மூன்று பந்தயம். மே மாதம் ஸ்பெயினில் புது விதி வந்து, இவ்வளவு உயரக் கூடு கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கூட்டை வெட்டிய பிறகுதான், செப்டம்பரில் மான்சாவில், அந்தக் கார் முதலிடத்தில் நின்று புறப்பட்டது. அதாவது அந்த அண்டா ஒன்றும் பெரிதாகக் கிழிக்கவில்லை. ஆனாலும் பொம்மை செய்கிறவர்கள் அண்டாவோடுதான் செய்வார்கள், நானும் அதைத்தான் வாங்குவேன்.

மாத்ரா வி12-இன் சத்தத்தை முடிந்தால் ஒருதரம் கேளுங்கள், பழைய கார் விழாக்களில் எடுத்த பதிவுகள் நிறைய இருக்கின்றன. மற்ற எஞ்சின்கள் உறுமும். இது வீறிடும், தூரத்தில் மெல்லிய நாதசுர இழை போலத் தொடங்கி, பக்கத்தில் வரும்போது காதைப் பொத்தவைத்து, கியர் மாறுகிற ஒரு நொடி மட்டும் மூச்சு வாங்கிவிட்டு மறுபடியும் மேலே ஏறும்.

ஓட்டியவர் ஜாக் லஃபித். அணி மொத்தமாக ஜெயித்த ஒன்பதில் ஆறு அவருடையவை, வேறு எந்த அணிக்காகவும் அவர் ஜெயித்ததில்லை. முதலாவது 1977 ஜூனில் ஸ்வீடனில், ஜேஎஸ்7-இல். எட்டாவதாகப் புறப்பட்டு இரண்டாம் இடத்துக்கு வந்திருந்தார், முன்னால் லோட்டஸில் மாரியோ ஆண்ட்ரெட்டி எட்டாத தூரத்தில் போய்க்கொண்டிருந்தார். முடிய இரண்டு மூன்று சுற்று இருக்கையில் ஆண்ட்ரெட்டிக்குப் பெட்ரோல் தீர்ந்து, ஊற்றிக்கொள்ள உள்ளே போக வேண்டியதாயிற்று. பிரெஞ்சுக் கார், பிரெஞ்சு எஞ்சின், பிரெஞ்சு ஓட்டுநர் என்று மூன்றும் சேர்ந்து உலகச் சாம்பியன்ஷிப் பந்தயம் ஒன்றை ஜெயித்தது அதுதான் முதல் தடவை. கவனியுங்கள், ரெனோ அந்தத் தேதியில் இன்னும் ஒரு பந்தயம்கூட ஓடியிருக்கவில்லை. என் பழைய வரிக்கு இதைவிடச் சரியான குட்டு வேண்டாம்.

1979தான் அவர்களுக்கு வாய்த்த வருடம், கைநழுவிய வருடமும் அதுவே. ஜேஎஸ்11-இல் மாத்ரா எஞ்சினை விட்டு எல்லோரும் வைத்திருந்த காஸ்வொர்த் வி8-க்கு மாறினார்கள். காரின் அடிவயிறு தலைகீழ் இறக்கை மாதிரி; ஓரங்களில் தரையைத் தொடுகிற பாவாடை, பக்கத்துக் காற்று அடியில் புகாமல் தடுக்க. வேகம் கூடக்கூடக் கார் தரையோடு உறிஞ்சப்பட்டு நிற்கும். லஃபித் அர்ஜென்டினாவில் ஜெயித்தார், பிரேசிலில் ஜெயித்தார், அங்கே கூட்டாளி பத்ரிக் தெபையே இரண்டாவது. பிறகு ஸ்பெயினில் தெபையே ஜெயித்தார். ஜூனில் தெபையே ஓய்வுக்கு மலையிலிருந்து ஹேங் கிளைடரில் பறக்கப் போய், விழுந்து, இரண்டு காலையும் உடைத்துக்கொண்டார். அணி அதற்கப்புறம் அந்த வருடம் ஜெயிக்கவில்லை. காரின் சரியான அளவுகளைத் துகரூஜ் ஒரு சிகரெட் பெட்டியில் எழுதித் தொலைத்துவிட்டார் என்று ஒரு கதை உண்டு, சிகரெட் கம்பெனி பணத்தில் ஓடிய அணிக்குப் பொருத்தமான கதைதான், நான் நம்பவில்லை. வில்லியம்ஸ் அணி அதே யோசனையை இன்னும் நன்றாகச் செய்த காரோடு வந்துவிட்டது, அவ்வளவுதான்.

குணமடைந்த தெபையே மறு வருடம் ஆல்ஃபா ரோமியோவுக்குப் போய், 1980 ஆகஸ்ட் 1 அன்று ஹாக்கன்ஹைமில் சோதனை ஓட்டத்தில் இறந்தார். ஒன்பது நாள் கழித்து அதே தடத்தில் ஜெர்மன் கிராண்ட் பிரியை ஜெயித்தவர் லஃபித். அந்த வருடம் அணி இரண்டாம் இடம், அதற்கு மேல் எப்போதும் ஏறவில்லை. 1981-ல் கடைசிப் பந்தயம்வரை லஃபித்துக்கு உலகப் பட்டத்துக்கு வாய்ப்பு இருந்தது, லாஸ் வேகாஸில் ஆறாவதாக வந்து பட்டியலில் நான்காவதாக முடித்தார்.

இனி உங்கள் நண்பனின் குற்றச்சாட்டு. நிஜம்தான், மறுக்க முடியாது. மித்தரான் ஜனாதிபதி ஆவதற்கு நெடுநாள் முன்பிருந்தே லிஜியேவின் நண்பர். 1981 மேயில் அவர் பதவிக்கு வந்த பிறகு அணியின் காரில் யார் யார் பெயர் இருந்தது பாருங்கள்: அரசு சிகரெட் நிறுவனம், அரசு லாட்டரி, அரசு எண்ணெய் கம்பெனி. எஞ்சின் அரசுடைமையான ரெனோவிடமிருந்து. மித்தரானின் அரசியல் தொகுதி நியேவ்ர் மாவட்டம், அங்கே மன்யி-கூர் என்ற சிற்றூரில் ஒரு சின்னப் பந்தயத்தடம் இருந்தது. அதை அரசுப் பணத்தில் பெரிதாக்கி 1991-ல் பிரெஞ்சு கிராண்ட் பிரியையே அங்கே கொண்டுபோனார்கள். லிஜியேவின் தொழிற்கூடமும் விஷியிலிருந்து அதே தடத்தின் பக்கத்துக்கு இடம்பெயர்ந்தது. சுற்றிலும் மாடு மேய்கிற ஊர் அது.

ஆனால் உங்கள் நண்பன் சொல்வதில் ஒன்று பிசகு. சிபாரிசில் அணி பிழைத்தது என்பதைவிட, சிபாரிசில் நோய்ப்பட்டது என்பதுதான் சரி. 1983-ல் ஒரு புள்ளிகூட இல்லை. 1988-லும் 90-லும் 91-லும் அதே பூஜ்யம். 1988-ல் இமோலாவில் இரண்டு காரும் தகுதிச் சுற்றையே தாண்டவில்லை. 1992-ல் வில்லியம்ஸுக்கு 164 புள்ளி வாங்கித் தந்த அதே ரெனோ வி10 வகை எஞ்சின் லிஜியேவுக்கும் கிடைத்தது, இவர்கள் எடுத்தது 6. தோற்றாலும் அடுத்த வருடப் பணம் வந்துவிடும் என்ற வீட்டில் யார் ராத்திரி கண்விழித்து வேலை செய்வான்? கீ லிஜியே நண்பர்களை நம்பி வாழ்ந்த ஆள் என்பது என் எண்ணம். இறந்த நண்பனுக்காக அணி தொடங்கினார், பதவியில் இருந்த நண்பனால் அணியைக் கெடுத்துக்கொண்டார், நடுவில் யார் முகத்துக்கு நேரே உண்மையைச் சொன்னாலும் அவர்கள்மீது எரிந்து விழுந்தார். துகரூஜே 1981 நடுவில் வெளியே போக வேண்டி வந்தது. 1992 கடைசியில் லிஜியே அணியை விற்றார், மறு வருடமே அதே எஞ்சினோடு அணி 23 புள்ளி எடுத்து ஐந்தாவது வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பிறகு கை மாறிக் கை மாறி, 1996 மே 19 மொனாக்கோ. பந்தயத்துக்கு முன்னால் மழை. ஒலிவியே பனிஸ் ஜேஎஸ்43-இல் பதினான்காவதாகப் புறப்பட்டார். அந்தக் குறுகலான ஊர்த் தெருக்களில் பதினான்காவது என்றால் வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தம். முதல் சுற்றிலேயே ஷூமாக்கர் சுவரில். முன்னணியில் போன ஹில்லின் எஞ்சின் சுரங்கப் பாதையில் புகைந்தது, அலேசியின் சஸ்பென்ஷன் போனது. ஆனால் எல்லாம் அதிர்ஷ்டம் என்று சொன்னால் பனிஸுக்கு அநியாயம், முன்னால் இருந்தவர்களை ஒவ்வொருவராகத் தாண்டியிருந்தார், லோஸ் கொண்டை ஊசி வளைவில் இர்வைனை உள்பக்கம் மூக்கை நுழைத்து இடித்தே தள்ளிவிட்டுப் போனார். இரண்டு மணி நேர வரம்பு வந்ததால் 75 சுற்றில் முடித்தார்கள். கொடி விழுந்தபோது ஓடிக்கொண்டிருந்தவை மூன்றே கார்கள். இரண்டாவதாக வந்த கூல்ட்ஹார்ட் ஷூமாக்கரிடம் கடன் வாங்கிய ஹெல்மெட்டோடு ஓட்டினார், தன்னுடையதில் ஆவி படிந்துகொண்டே இருந்ததாம். லிஜியேவுக்குப் பதினைந்து வருடம் கழித்து வந்த வெற்றி. பிரான்ஸ் மண்ணில் கட்டிய ஒரு ஃபார்முலா ஒன் காருக்கு அதற்குப் பிறகு இன்றுவரை வெற்றி இல்லை. பின்னாளில் ரெனோவும் அதன் ஆல்பீன் அணியும் ஜெயித்த கார்கள் இங்கிலாந்தில் கட்டியவை.

1997-ல் முன்னாள் ஓட்டுநர் அலன் புரோஸ்ட் அணியை வாங்கித் தன் பெயரை வைத்தார். அந்த வருடக் கார் மட்டும் ஜேஎஸ்45. அடுத்த வருடம் ஏபி01 ஆகிவிட்டது, அவருடைய முதலெழுத்துகள். 2002 தொடக்கத்தில் திவால்.

பொம்மை வரிசையில் அடுத்து எதை வாங்கலாம் என்று யோசித்தால் ஜேஎஸ்43 வாங்குங்கள், நீலம் இன்னும் கொஞ்சம் அடர்த்தியாக இருக்கும். நிஜக் கார் வேண்டுமென்றால் அதுவும் உண்டு. லிஜியே 1980-லேயே லைசென்ஸ் தேவைப்படாத குட்டி ஊர்திகள் செய்ய ஆரம்பித்தார், அந்தத் தொழில் அவர் 2015-ல் இறந்த பிறகும் நன்றாக நடக்கிறது. அதில் ஒரு மாடலுக்குப் பெயர் ஜேஎஸ்50. உச்ச வேகம் மணிக்கு 45 கிலோமீட்டர். பிரான்ஸில் பதினான்கு வயதுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிப் போகிறார்கள், பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்துக்கொண்டே வருகிறார்கள்.

அன்புடன்.