ஒரே லேபிள் பிரிண்டர், மூன்று விதக் கணினிகள்

சவுகார்பேட்டையில் கவரிங் நகைக் கடை வைத்திருக்கும் வாசகி கேட்டிருக்கிறார்: பில்லிங் கணினியில் விண்டோஸ், மகளிடம் மேக்புக், மாடிக் கிடங்கில் உபுண்டு போட்ட பழைய கணினி. லேபிள் பிரிண்டர் ஒன்றுதான். யூஎஸ்பி கேபிளைக் கழற்றிக் கழற்றி மாட்டுகிறோம், ஒரு நாள் அச்சாகிறது, மறுநாள் அசைய மாட்டேன் என்கிறது. என்ன செய்யலாம்?

முதலில் அந்தக் கேபிளைக் கழற்றுவதை விடுங்கள். விண்டோஸில் வேறு யூஎஸ்பி துளையில் செருகிவிட்டால் பல நேரம் அதைப் புதுப் பிரிண்டர் என்றே எடுத்துக்கொண்டு, பெயருக்குப் பின்னால் 'காப்பி 1' என்று சேர்த்து இன்னொன்றை உருவாக்கிவிடும். பில்லிங் மென்பொருளோ பழைய பெயருக்கே அனுப்பிக்கொண்டிருக்கும், அது மங்கலாக ஆஃப்லைனில் கிடக்கும். பிரிண்டர் மேல் தப்பே இருக்காது.

பிரிண்டரின் பின்பக்கம் பாருங்கள், லேன் துளை இருக்கிறதா? இருந்தால் ரிச்சி தெருவில் ஒரு லேன் கேபிள் வாங்கி ரவுட்டரில் சொருகிவிடுங்கள். யூஎஸ்பி 5 மீட்டருக்கு மேல் நம்ப முடியாது, லேன் 100 மீட்டர் வரை போகும், மாடியெல்லாம் ஒரு தூரமே இல்லை.

அப்புறம் ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் பிரிண்டரைக் கண்டுபிடிக்கும் விலாச எண். இதை ரவுட்டரிலேயே அந்தப் பிரிண்டருக்கென்று நிலையாக ஒதுக்கிவிட வேண்டும், உதாரணமாக 192.168.1.50. இதைச் செய்யாமல் விட்டால், கரண்ட் போய் வந்ததும் ரவுட்டர் வேறு எண்ணைக் கொடுத்துவிடலாம், 'நேற்று வந்துச்சே சார்' என்று எனக்கு வரும் போன்களில் பாதி இந்த விஷயம்தான்.

மூன்று கணினிகளிலும் கொடுக்க வேண்டியது இந்த முகவரியும், 9100 என்ற போர்ட் எண்ணும்தான் (பிரிண்டர் அச்சு வேலையை வாங்கிக்கொள்ளும் வாசல் எண்). விண்டோஸில் ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட் சேர்த்து 'ரா' என்று வையுங்கள். மேக்கில் பிரிண்டர் சேர்க்கும் இடத்தில் ஐபி பகுதிக்குப் போய் ஜெட்டைரக்ட் - சாக்கெட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். உபுண்டுவிலும் அதே ஜெட்டைரக்ட்தான், ஏனென்றால் மேக்கும் அதுவும் அச்சுக்கு நம்புவது கப்ஸ் (CUPS) என்ற ஒரே அச்சு மென்பொருளைத்தான்.

டிரைவரில்தான் பலர் சறுக்குகிறார்கள். லேபிள் பிரிண்டர்களுக்கென்று கட்டளை மொழிகள் உண்டு; உங்கள் பிரிண்டர் இசட்பிஎல் (ZPL) பேசுகிறதா, டிஎஸ்பிஎல் (TSPL) பேசுகிறதா என்று கையேட்டில் பாருங்கள். இசட்பிஎல் என்றால் கப்ஸிலேயே பொதுவான ஜீப்ரா டிரைவர் இருக்கிறது, இல்லையென்றால் தயாரிப்பாளர் தளத்தில் தேட வேண்டியதுதான். மாற்றிப் போட்டால் ஒன்றும் வராது, வந்தாலும் கிறுக்கல்தான் வரும்.

சரி, லேன் துளையே இல்லையா? பிரிண்டரை விண்டோஸ் கணினியிலேயே நிரந்தரமாக விட்டு, ஷேர் செய்துகொள்ளுங்கள். பில்லிங் கணினி அணைந்தால் மற்ற இரண்டுக்கும் அச்சு கிடையாது, அவ்வளவுதான்.

லேபிள் அளவை ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியாகப் போட வேண்டும். 50 x 25 மில்லிமீட்டர் லேபிளுக்கு ஏ4 என்று விட்டுவைத்தால் லேபிள் வெறுமையாக ஓடிக்கொண்டே இருக்கும். 'பக்கத்துக்குப் பொருத்து' என்பதையும் எடுத்துவிட்டு 100 சதவீதத்தில் அச்சிடுங்கள், சுருங்கிய பார்கோடை ஸ்கேனர் படிக்காமல் போகலாம். மூன்றிலிருந்தும் ஒவ்வொரு லேபிள் எடுத்து உங்கள் ஸ்கேனரிலேயே காட்டிப் பாருங்கள்.