கேனானை விற்றுவிட்டு சோனிக்கு மாறலாமா?

கேள்வி: மதுரையில் கல்யாண போட்டோகிராபி செய்கிறேன். 12 வருடமாகக் கேனான்தான். 5டி மார்க் 4, 6டி என இரண்டு பாடி (லென்ஸ் இல்லாத கேமரா), 24-70, 70-200, 85 லென்ஸ்கள், இரண்டு ஃப்ளாஷ் இருக்கின்றன. கூடத் தொழில் செய்பவர்கள் பலர் சோனி மிரர்லெஸ்ஸுக்கு (உள்ளே கண்ணாடி இல்லாத புதுவகைக் கேமரா) போய்விட்டார்கள். என் செட் மொத்தத்துக்கும் கடையில் 1.6 லட்சம் தருகிறார்கள். சோனியில் அதே மாதிரி செட் 7.6 லட்சம். மீதி 6 லட்சத்துக்கு 14% வட்டியில் 3 வருட பர்சனல் லோன் கிடைக்கும். கேனானிலேயே ஒரு மிரர்லெஸ் பாடி மட்டும் என்றால் 2 லட்சம். மாறலாமா, ஒரே பிராண்டில் இருப்பதுதான் நல்லதா?

பதில்: இந்த லோனை வாங்காதீர்கள். மாதம் சுமார் 20,500 ரூபாய் தவணை வரும். மூன்று வருடத்தில் வட்டி மட்டும் 1.38 லட்சம், அதாவது உங்கள் பழைய செட்டை விற்றுக் கிடைக்கும் பணத்தில் பெரும்பகுதி. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இருக்காது, தவணை இருக்கும்.

கேனான்மீது பாசம் வைக்கச் சொல்லவில்லை. 1987இல் உங்கள் லென்ஸ்களில் இருக்கும் இஎஃப் மவுன்ட்டை (லென்ஸும் பாடியும் இணையும் அமைப்பு) கொண்டுவந்தபோது, அதுவரை பழைய எஃப்டி மவுன்ட் லென்ஸ் வாங்கிச் சேர்த்தவர்களைக் கேனான் அம்போவென விட்டது. கம்பெனி நம்மிடம் விசுவாசமாக இருக்காது, நாமும் இருக்க வேண்டியதில்லை. ஆனால் 2018இல் மிரர்லெஸ்ஸுக்காக ஆர்எஃப் மவுன்ட் வந்தபோது அப்படி நடக்கவில்லை. பழைய லென்ஸைப் புது பாடியோடு இணைக்கும் கேனானின் அடாப்டரை மாட்டினால் உங்கள் மூன்று லென்ஸும் புது பாடியில் ஆட்டோஃபோகஸோடு வேலை செய்யும். ஃப்ளாஷும் வீணாகாது. சோனி பாடியிலும் அடாப்டர் வைத்து இந்த லென்ஸ்களை மாட்டலாம், ஆனால் தாலி கட்டும் நேரத்தில் அந்த ஃபோகஸை நம்ப மாட்டேன்.

உங்கள் கணக்கில் விடுபட்டது இதுதான். எல்லோரும் மிரர்லெஸ்ஸுக்கு ஓடியதால் இஎஃப் லென்ஸின் செகண்ட்ஹேண்ட் விலை விழுந்துவிட்டது, அது எடுக்கும் படத்தின் தரம் விழவில்லை. விற்கப்போனால் அடிமாட்டு விலை, வைத்திருந்தால் முழு உழைப்பு. அப்படிப்பட்ட பொருளை விற்பது நஷ்டம். 6டியை மட்டும் கொடுத்துவிட்டு, 2 லட்சத்துக்கு அந்த ஒரு பாடியையும், கூடவே அடாப்டரையும் வாங்குங்கள். 5டி இரண்டாவது கேமராவாக இருக்கட்டும். கண்ணைப் பிடித்துத் தொடரும் ஃபோகஸ்தான் மிரர்லெஸ்ஸில் உங்களுக்குக் கிடைக்கப்போகும் பெரிய லாபம். அதற்கு 6 லட்சம் தேவையில்லை.

சோனி பக்கமும் நியாயம் உண்டு. 2011லேயே அவர்கள் தங்கள் மிரர்லெஸ்ஸின் ஈ மவுன்ட் விவரங்களை மற்ற லென்ஸ் கம்பெனிகளுக்குத் திறந்துவிட்டார்கள். அதனால் சிக்மா, டாம்ரான் லென்ஸ்கள் நிறைய, விலையும் குறைவு. கேனான் ஆர்எஃப்பில் அந்த இருவரும் 2024இல்தான் வந்தார்கள், அதுவும் உங்கள் கேமராக்களில் இருப்பதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாருக்கான லென்ஸ்களோடு. ஆகவே பிராண்டை மாற்றும் கேள்வி உங்கள் 24-70 தேய்ந்து அடுத்த லென்ஸ் வாங்கப் போகும்போதுதான் உண்மையில் வரும். அப்போது ஆர்எஃப் லென்ஸின் விலையையும் சோனிக்கான டாம்ரான் விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று, வருமானம் எங்கிருந்து வருகிறது? சோனி வைத்திருக்கும் ஸ்டூடியோக்களுக்கு இரண்டாவது ஆளாகப் போவதுதான் உங்கள் பிழைப்பில் பாதி என்றால் என் பதில் மாறும். ஒரே ஆல்பத்தில் இரண்டு பிராண்டின் தோல் நிறத்தைச் சமன் செய்ய எடிட்டர் மெனக்கெட வேண்டும், அவர் அடுத்த முறை உங்களைக் கூப்பிட மாட்டார். அவசரத்துக்கு லென்ஸ் கைமாற்று வாங்குவதும் ஊரில் பலரிடம் இருக்கும் பிராண்டில்தான் சுலபம். சொந்த ஆர்டர்தான் அதிகம் என்றால் இதெல்லாம் பெரிய விஷயமில்லை. கல்யாண வீட்டார் கேமராவில் என்ன பெயர் இருக்கிறது என்று பார்த்து அட்வான்ஸ் கொடுப்பதில்லை.

வரி விஷயம்: ஜிஎஸ்டி பதிவு இருந்தால் கேமரா மீதான 18% வரியை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்கலாம், அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். அப்படி எடுத்த தொகைக்குத் தேய்மானம் (பொருள் பழசாவதற்காக வருமானத்தில் கழிக்கும் தொகை) கோர முடியாது. கணக்கு எழுதி வரி கட்டுபவரென்றால் வருடத் தேய்மானம் 15%. வாங்கிய நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் அதில் பாதிதான். ஆகவே மார்ச்சில் அவசரமாக வாங்கி வரியைக் குறைக்கலாம் என்று யாராவது சொன்னால் மயங்க வேண்டாம்.

வாங்கும் முன் அந்த பாடியையும் அடாப்டரையும் ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, வெளிச்சம் மோசமான ஏதாவது ஒரு ரிசப்ஷனில் உங்கள் 70-200ஐ மாட்டிப் பாருங்கள். அப்புறம் கடைக்காரரிடம் 6டிக்கு மட்டும் தனியாக விலை கேளுங்கள்.