துணை ஆயர் முழு ஆயரா?

கேள்வி: இங்கிலாந்தில் இருக்கும் என் மகளின் பகுதிக்கு அங்கிலிக்கன் துணை ஆயர்தான் வருகிறாராம். அவர் முழு ஆயர் இல்லையா?
— வாசகி, உவர்மலை, திருகோணமலை

பதில்: முழு ஆயர்தான் அம்மா, அதில் சந்தேகமே வேண்டாம். அவருக்கும் ஆயராகத்தான் திருநிலைப்பாடு நடக்கிறது. திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்றவரை விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் சடங்கு) கொடுக்கலாம், குருக்களை அபிஷேகம் செய்யலாம், ஆனால் மறைமாவட்டத்தின், அதாவது ஓர் ஆயரின் பொறுப்பிலுள்ள திருச்சபைப் பகுதியின், தலைமை மட்டும் அவரிடம் இல்லை, அதன் ஆயர் ஒப்படைக்கும் பொறுப்பைத்தான் செய்கிறார். இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி காலத்தில், 1534இல் வந்த சட்டம் 26 ஊர்ப் பெயர்களைக் குறித்து, துணை ஆயர்களுக்கு அந்தப் பட்டங்களைக் கொடுக்கலாம் என்றது. அப்புறம் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வழக்கமே நின்றுபோய், 1870இல்தான் டோவருக்கும் நொட்டிங்காமுக்கும் மறுபடி நியமித்தார்கள்.

டோவரைக் கவனியுங்கள். இங்கிலாந்துத் திருச்சபையின் மூத்த ஆயரான கன்டபரி பேராயருக்கு உலகளாவிய பொறுப்புகள் அதிகம் என்பதால் அவருடைய சொந்த மறைமாவட்டத்தை அன்றாடம் நடத்துவது டோவர் ஆயர்தான், ஆகவே இதைச் சின்னப் பதவி என்று சொல்வது சரியில்லை. நம் திருகோணமலை அங்கிலிக்கன் ஆலயங்கள் கொழும்பு மறைமாவட்டத்தில் இருக்கின்றன. லக்தாச த மெல் 1945இல் அங்கே உதவி ஆயராக இருந்துதான் 1950இல் குருநாகலின் முதல் ஆயரானார். இங்கிலாந்துத் திருச்சபையின் முதல் பெண் ஆயர் லிபி லேன், 2015இல் ஏற்றதும் ஸ்டொக்போர்ட் துணை ஆயர் பதவியைத்தான்.