ராணுவத்தில் பணியாற்றாமல் தேசியப் பாதுகாப்பு ஆய்வாளர் ஆக முடியுமா?

தாராளமாக முடியும். இந்தத் துறைக்கு இந்தியாவில் அடித்தளம் போட்டவர்களில் முதன்மையானவரே சீருடை அணிந்தவர் இல்லை. கே. சுப்ரமணியம், 1929-ல் திருச்சியில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் படித்துவிட்டு 1951-ல் ஐஏஎஸ் ஆனார். அமைச்சர் ஜெய்சங்கரின் அப்பா என்றால் பலருக்குச் சட்டென்று தெரியும். அந்த அளவோடு அவரைத் தெரிந்துகொண்டு நின்றுவிடுகிறோமே என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

பாதுகாப்பு அமைச்சகத்தில் வேலை, லண்டனில் கொஞ்ச காலம் ஆய்வு, அப்புறம் 1968-ல் டெல்லியில் இருக்கும் ஐடிஎஸ்ஏ என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர். அணு ஆயுதம் குறித்து இந்தியா தன் கதவை மூடிவிடக் கூடாது என்று பல ஆண்டுகள் வாதாடினார். 1998 பொக்ரான் அணுகுண்டுச் சோதனைக்குப் பிறகு அவர் தலைமையிலான ஆலோசனைக் குழுதான் 1999 ஆகஸ்டில் வெளியான அணுக் கோட்பாட்டு வரைவைத் தயாரித்தது. அதில் 'முதலில் பயன்படுத்த மாட்டோம்' என்ற உறுதியும் இருந்தது.

நான் அவரிடம் அதிகம் கற்றது, 1999 கார்கில் போருக்குப் பிறகு அரசு அமைத்த கார்கில் மறுஆய்வுக் குழுவின் அறிக்கையில்தான். குழுவில் நால்வர், அவர் தலைவர். உளவுத் தகவல் எங்கே தேங்கியது என்று அதில் தேடுகிறார்கள். 1998 ஜூனில் உளவுப் பணியகத்தின் இயக்குநர் எல்லைக்கு அப்பால் நடமாட்டம் கூடுவதாகத் தானே கையெழுத்திட்டு ஒரு குறிப்பு அனுப்புகிறார். மேலிடத்துக்குப் போகிறது. ஆனால் வெளிநாட்டு உளவைப் பார்க்கும் ரா அமைப்பின் செயலருக்கும், ராணுவ உளவுப் பிரிவின் தலைவருக்கும், கூட்டு உளவுக் குழுத் தலைவருக்கும் போகவில்லை. அதை அலசிப் பார்க்க வேண்டியவர்களே அவர்கள்தான்! இதே கூட்டு உளவுக் குழுவின் தலைவர் நாற்காலியில் 1970-களின் பிற்பகுதியில் சுப்ரமணியமும் உட்கார்ந்திருக்கிறார். ஒரு கடிதம் யார் மேசைக்குப் போனது, யாருக்குப் போகவில்லை என்று பார்க்கும் கண் அவருக்கு அங்கே வாய்த்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஏவுகணையின் வீச்சை யாரும் மனப்பாடம் செய்துவிடலாம், இந்தக் கண்தான் ஆய்வாளருக்கு வேண்டும்.

1999-ல் பத்மபூஷண் அறிவித்தபோது வேண்டாம் என்றார். அரசு அதிகாரிகளும் பத்திரிகையாளர்களும் அரசின் விருதை வாங்கக் கூடாது என்பது அவர் நிலை. அரசுக்குள்ளேயே இருந்தும் அரசை விமர்சிக்கும் உரிமையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

என்ன பட்டம் படிக்கலாம் என்று ரொம்பக் குழம்ப வேண்டாம். வரலாறோ பொருளாதாரமோ இயற்பியலோ, எதுவானாலும் சரி. கார்கில் அறிக்கை புத்தகமாகவே கிடைக்கிறது, முதலில் அதைப் படியுங்கள். அதைத் தொடர்ந்து 2001-ல் அமைச்சர்கள் குழு, முப்படைகளுக்கும் பொதுவாக ஒரு தலைமைத் தளபதி வேண்டும் என்று பரிந்துரைத்தது. முதல் தளபதி பொறுப்பேற்றது 2020 ஜனவரியில். நடுவில் ஏன் இத்தனை ஆண்டுகள் ஆயின என்று தேடி, பத்துப் பக்கத்துக்கு ஒரு கட்டுரை எழுதிப் பாருங்கள்.