உயர்படிச் சமன்பாட்டின் மூலங்களைக் கையால் கண்டுபிடிப்பது எப்படி?

நான்காம், ஐந்தாம் படிச் சமன்பாடுகளுக்கும் இருபடிக்கு உள்ளதுபோல் ஒரு சூத்திரம் உண்டா, இல்லையென்றால் எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முப்படிக்கும் நாற்படிக்கும் உண்டு. 1545-லேயே கார்டானோ அவற்றை அச்சில் வெளியிட்டுவிட்டார். ஐந்தாம் படிக்கு, நான்கு அடிப்படைச் செயல்களையும் படிமூலங்களையும் மட்டும் வைத்து எல்லாச் சமன்பாட்டுக்கும் பொருந்தும் சூத்திரம் அமைக்கவே முடியாது என்று 1824-ல் ஆபெல் நிறுவினார். இருக்கிற முப்படிச் சூத்திரத்தைக்கூட நான் பரிந்துரைக்க மாட்டேன். மூன்று மூலங்களும் வெவ்வேறு மெய்யெண்களாக இருந்தால் அது கலப்பெண்ணின் கனமூலத்தில் கொண்டுபோய் விடும். விடை சாதாரண முழு எண்ணாக இருந்தாலும் அந்த வடிவத்தில் எளிதில் அடையாளம் தெரியாது.

கையால் தீர்க்க நல்ல வழி, ஒரு மூலத்தைப் பிடிப்பது, அதால் வகுத்துப் படியைக் குறைப்பது, இருபடி வரும்வரை இதையே தொடர்வது. கெழுக்கள் (எக்ஸின் படிகளோடு பெருக்கும் எண்கள், உயர்ந்த படியிலிருந்து வரிசையாக) 2, 5, 0, −29, −14 உள்ள நாற்படியை எடுத்துக்கொள்வோம். நடுவில் உள்ள 0-ஐக் கவனியுங்கள்; இருபடி உறுப்பு இதில் இல்லை. பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். அந்த 0-ஐ எழுதாமல் விட்டால் நீங்கள் தீர்ப்பது வேறொரு முப்படிச் சமன்பாடு. அதில் 2-ஐப் போட்டால் மீதி −36 வரும். சரியான மூலத்தைத் தவறென்று ஒதுக்கிவிடுவீர்கள்.

கெழுக்கள் முழு எண்கள் என்பதால், விகிதமுறு மூலம் இருந்தால் அதன் தொகுதி மாறிலி 14-ஐயும் பகுதி முதல் கெழு 2-ஐயும் வகுக்க வேண்டும். ஆக 1, 2, 7, 14, 1/2, 7/2, இவற்றின் குறை எண்கள் என மொத்தம் 12 எண்களைச் சோதித்தால் போதும். அதற்கு முன் குறிகளைப் பாருங்கள். 0-ஐ விட்டுவிட்டுப் படித்தால் +, +, −, −. ஒரே ஒரு குறிமாற்றம். மிகை மூலங்களின் எண்ணிக்கை குறிமாற்றங்களின் எண்ணிக்கைக்குச் சமம், அல்லது அதைவிட ஓர் இரட்டை எண் குறைவு என்பது டெகார்ட்டே விதி. அதன்படி இங்கே மிகை மூலம் ஒன்றே ஒன்று.

1-ஐப் போட்டால் மீதி −36, மூலம் இல்லை. அடுத்து 2-ஆல் தொகுமுறை வகுத்தல். முதல் கெழு 2-ஐ அப்படியே இறக்குங்கள்; பிறகு ஒவ்வொரு முறையும் மூலத்தால் பெருக்கி அடுத்த கெழுவோடு கூட்டுங்கள். 2×2=4, 5+4=9. 9×2=18, 0+18=18. 18×2=36, −29+36=7. 7×2=14, −14+14=0. மீதி 0, ஆகவே 2 ஒரு மூலம். ஈவின் கெழுக்கள் 2, 9, 18, 7. மிகை மூலம் தீர்ந்துவிட்டதால் மற்ற மிகை எண்களைத் தொடவே வேண்டாம். இனி சோதனையை ஈவில்தான் செய்ய வேண்டும், பழைய நாற்படியில் அல்ல; எண்களும் சிறியவை, மாறிலி 7 ஆகிவிட்டதால் 2-ம் 14-ம் பட்டியலிலிருந்து விழுந்துவிடும்.

−1/2-ஐப் போட்டால் 2, 8, 14, மீதி 0. இங்கே இன்னொரு சறுக்கல் உண்டு. காரணியை 2எக்ஸ் + 1 என்று எழுத விரும்பினால் ஈவை 2-ஆல் வகுத்து 1, 4, 7 ஆக்க வேண்டும். இல்லாவிட்டால் முழுக் கோவையும் இரட்டித்துவிடும். மூலங்கள் மாறாது, ஆனால் காரணிப்படுத்தல் தப்பு. 1, 4, 7-இன் தன்மைக்காட்டி 16−28=−12. மூலங்கள் −2 ± √3 𝑖, அதாவது ஒரு கலப்பெண் இணை.

சரிபார்க்க அரை நிமிடம் போதும். மூலங்களின் கூடுதல், இரண்டாம் கெழுவை முதல் கெழுவால் வகுத்துக் குறி மாற்றியது, அதாவது −5/2 ஆக வேண்டும்: 2 − 1/2 − 4 = −5/2. பெருக்கல், நாற்படியில் மாறிலியை முதல் கெழுவால் வகுத்தது, அதாவது −14/2 = −7 ஆக வேண்டும்: 2 × (−1/2) × 7 = −7.

பட்டியலில் எதுவுமே மூலமாகாவிட்டால்? 1, 0, −2, −5 என்ற முப்படி நியூட்டனே எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு. 1, −1, 5, −5 எதுவும் பொருந்தாது. ஆனால் 2-இல் மதிப்பு −1, 3-இல் 16; குறி மாறுவதால் இடையில் ஒரு மூலம் இருந்தே தீரும். வகைக்கெழுவின் கெழுக்கள் 3, 0, −2. 2-இல் அதன் மதிப்பு 10. மதிப்பை வகைக்கெழுவால் வகுத்துக் கழித்தால் 2 + 1/10 = 2.1. மறுபடி செய்தால் 2.09457, இன்னொரு முறை 2.0945515. தொடக்கத்தைக் குருட்டாம்போக்கில் எடுக்கக் கூடாது. 0.8-இல் தொடங்கினால் அங்கே வகைக்கெழு வெறும் −0.08, அடுத்த படி உங்களை −75.3-க்குத் தூக்கி எறிந்துவிடும். முதலில் குறிமாற்றத்தைத் தேடுவது இதற்காகத்தான்.

கிடைத்த 2.0945515-ஆல் வகுக்கும்போது தசமங்களை இடையில் வெட்டாதீர்கள். பிழை ஈவுக்குள் போய் அடுத்த மூலங்களையும் கெடுக்கும். ஈவு சுமார் 1, 2.09455, 2.38715. தன்மைக்காட்டி குறை எண், எனவே மீதி இரண்டும் கலப்பெண்கள்.